திரையை எங்கே மாட்டுவது

கத்தி எடுக்காத டாக்டர் எல்லாம் ஒரு டாக்டரா என்பது டாக்டரம்மாவின் மாமியார் கட்சி. சாகும்வரை அந்தக் கட்சியிலிருந்து அவர் மாறவே இல்லை. மருமகள் செய்த வேலை அப்படிப்பட்டது. தொடையில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை. அதன் வழியே ரத்தக் குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பி. கம்பியின் மேல் அதைவிட ஒரு சுற்றுப் பெரிய குழாய். எக்ஸ்ரே படம் திரையில் ஓட ஓட, அதைப் பார்த்துக்கொண்டே கம்பியை ஈரலுக்கோ சிறுநீரகத்துக்கோ ஓட்டிப் போய், ரத்தம் கசிகிற இடத்தை அடைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். கண் திரையில் இருக்கும், கை தொடையில் இருக்கும். கம்பி எங்கே முட்டுகிறது, எங்கே வழுக்குகிறது என்பதைப் படம் காட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் விரல் சொல்லிவிடும். டாக்டரம்மாவின் படிப்பு, பேர், சம்பளம் எல்லாம் அந்த ஒரு நொடியில்தான் இருந்தன.

பதினாறு வருடம் அவர் வேலை பார்த்த அறை ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், லிஃப்டைத் தாண்டி மூன்றாவது கதவு. அந்த அறையை அவருக்காகக் கட்டவில்லை. அவருக்கு முன்னால் இருந்த டாக்டர் ஆறடிக்கு மேல் நான்கு விரல் உயரம். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஒட்டகம் என்று பேர். மிஷினைப் பொருத்தும்போது ஒட்டகத்தை நிற்க வைத்து, அவர் கண்ணுக்குச் சரியாகத் திரையைக் கூரையிலிருந்து ஓர் இரும்புக் கையில் தொங்கவிட்டார்கள். நியாயமாகத் திரை மேஜைக்கு எதிர்ப்புறம், டாக்டரின் மூக்குக்கு நேராக இருந்திருக்க வேண்டும். அங்கே ஏசி குழாய் போனது. ஆகவே வலப்பக்கமாக, நோயாளியின் கால்மாட்டை நோக்கித் தள்ளி மாட்டினார்கள். ஒட்டகத்துக்கு நல்ல கழுத்து, அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இருபதே மாதத்தில் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். ஆள் போனார், அவருடைய உயரம் மட்டும் அந்த அறையிலேயே தங்கிவிட்டது.

டாக்டரம்மா ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மேஜையை எட்ட ஒரு மரப்பலகை போட்டார்கள். பலகையின் மேல் எக்ஸ்ரேயை ஓட்டும் பெடல். இடது காலில் உடம்பை நிறுத்தி, வலது காலால் பெடலை மிதித்து, எக்ஸ்ரே உடம்பில் படாமல் தடுக்கும் ஏழு கிலோ ஈய ஏப்ரனைத் தோளில் சுமந்து, முகத்தை வலப்பக்கம் திருப்பி மேலே அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். ஒரு கேஸுக்கு ஒரு மணி நேரம், சிலதுக்கு மூன்று. ஒரு நாளைக்கு நான்கு கேஸ். திரையைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள், இடப்பக்கம் நகர்த்துங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தார். மூன்று முறையும் பராமரிப்பு அதிகாரி நேரில் வந்து, அறையின் நடுவில் நின்று திரையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார். “படம் தெளிவாத்தானே தெரியுது?”

தெளிவாகத்தான் தெரிந்தது.

பத்தாவது வருடம் வாக்கில் வீட்டில் ஒரு பழக்கம் தானாக வந்து சேர்ந்தது. சாப்பிடும்போது வீட்டுக்காரர் அவருக்கு வலப்பக்கம் உட்கார்வார். இடப்பக்கம் உட்கார்ந்தால் அவர் சொல்வதற்கு மனைவி சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். வீட்டுக்காரர் ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவர், அடுத்தவர் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பார்த்தே முடி நரைத்தவர். ஒருநாள் மனைவி காரை இடப்பக்கம் ஒடிக்கும்போது ஒரு சைக்கிள்காரர் மயிரிழையில் தப்பினார். அன்றோடு வீட்டுக்காரர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

“என்கிட்ட படிக்க வந்திருந்தா உன்னை ஃபெயில் பண்ணியிருப்பேன்” என்றார்.

“பண்ணுங்க. நான் பின்னாடி உக்காந்து தூங்கிட்டு வரேன்” என்றார் டாக்டரம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமில்லை என்பது அப்போது தெரியவில்லை.

மரத்துப்போனது முதலில் வலது கட்டைவிரல். பிறகு ஆள்காட்டி விரல். ரவிக்கைக் கொக்கி மாட்ட நேரமானது. சூடான டம்ளரைப் பிடித்தால் சூடு என்று உள்ளங்கைதான் சொன்னது, விரல் வாயைத் திறக்கவில்லை. கூடப் படித்த முதுகெலும்பு டாக்டரிடம் போனார். அவர் கழுத்தை ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தை விளக்கில் மாட்டி, கழுத்து எலும்புகளுக்கு நடுவில் ஓர் இடத்தைப் பேனாவால் தொட்டார்.

“நரம்பு நசுங்குது. எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறே?”

“வலப்பக்கம்.”

“அதான். திரையை நேரா வை. கண்ணுக்குக் கொஞ்சம் கீழ வை. ஒரு வருஷம் பாப்போம். சரியாச்சுன்னா நீ இன்னும் பத்து வருஷம் வேலை பாக்கலாம். ஆகலேன்னா கழுத்துல கத்தி வைக்கணும். அதுக்கப்புறம் ஏப்ரன் போடக்கூடாது. ஏப்ரன் இல்லாம உன் ரூமுக்குள்ள உனக்கு என்ன வேலை?”

ஒன்றும் இல்லை. இது அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. திரை நேராக வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை.

அதே மாதம் பழைய மிஷின் இரண்டு முறை படுத்துக்கொள்ள, ஆஸ்பத்திரி புது மிஷினுக்குச் சம்மதித்தது. டாக்டரம்மா கடவுளுக்கு நன்றி சொல்லவில்லை, மிஷினின் வயதுக்குத்தான் சொன்னார்.

புது மிஷின் கம்பெனியிலிருந்து அறையை வடிவமைக்க ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதுக்காரர், பணிவானவர், கையில் அளவு நாடா, பையில் மஞ்சள் ஒட்டு நாடா. பழைய கதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினார். ஏசி குழாயை இடம் மாற்றிவிடலாம், கூரையில் எங்கே வேண்டுமானாலும் தண்டவாளம் போடலாம் என்றார். “இந்த தடவ மிஷினுக்காக நீங்க நிக்க வேண்டாம் டாக்டர், உங்களுக்காக மிஷின் நிக்கட்டும்” என்றார். பதினாறு வருடத்தில் டாக்டரம்மாவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பழைய மிஷினைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். வெறும் அறை. மேஜை இருந்த இடத்தில் ஒரு கட்டிலைப் போட்டு, டாக்டரம்மாவை ஏப்ரனோடு நிற்க வைத்தார் கம்பெனிக்காரர். கையில் ஒரு கம்பியைக் கொடுத்தார்.

“கண்ணை மூடிக்குங்க. நிஜமா வேலை செய்யற மாதிரி நில்லுங்க. கழுத்தைத் தளர விடுங்க. எப்படி இருந்தா வலிக்கலையோ அப்படி. இப்ப கண்ணைத் தொறங்க. நேரா எங்க தெரியுது?”

டாக்டரம்மா கண்ணைத் திறந்தார். எதிரே வெள்ளைச் சுவர். கழுத்தில் வலி இல்லை, தோளில் இறுக்கம் இல்லை. “அதோ” என்று கம்பியால் காட்டினார். “உயரம் கம்மியா வேணும். இன்னும் கீழ. இன்னும் ஒரு அடி. ஆங், அங்கதான்.”

கம்பெனிக்காரர் சுவரில் மஞ்சள் நாடாவைப் பெருக்கல் குறியாக ஒட்டினார். இரண்டடி பின்னால் வந்து கட்டிலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

“கொஞ்சம் வலப்பக்கமா இருக்கற மாதிரி இருக்கே டாக்டர்.”

“பதினாறு வருஷமா இங்க நிக்கிறது நானா நீங்களா?” என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை, உரிமையாகச் சொன்னார். கூட நின்ற டெக்னீஷியன் சிரித்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மிஷினை ஓட்டிப் படம் எடுப்பவர் அவர், எல்லோருக்கும் படக்காரர். அவருக்கும் அந்தக் குறி நேராகத்தான் பட்டது. அவரும் பதினாறு வருடமாக டாக்டரம்மாவின் தோளைத் தாண்டி அதே பக்கம் பார்த்தவர்தானே.

“டாக்டர் சொன்னா சரி” என்று கம்பெனிக்காரர் அளவைக் குறித்துக்கொண்டார். வரைபடம் வந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். கூரையில் இரும்புத் தகடு இறக்கி, தண்டவாளம் பற்றவைத்து, திரை அந்தப் பெருக்கல் குறியைத் தாண்டி மிஷினில் இடித்துவிடாதபடி ஒரு தடுப்புக் கட்டையையும் முடுக்கினார்கள்.

நான்கு மாதம் கழித்து அறை திறந்தது. முதல் கேஸில் டாக்டரம்மா பலகையில் ஏறி நின்றதும் அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை “அப்பாடா” என்பதுதான். பிறந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது. உயரம் சரியாக இருந்தது, அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. பெடல் லேசாக இருந்தது, ஏப்ரன் புதுசு, நாலரைக் கிலோதான். எல்லாம் அவர் கேட்டபடி. வீட்டுக்காரரிடம் தொலைபேசியில் சொல்லி மாளவில்லை.

விரல் மட்டும் அந்தச் சந்தோஷத்தில் சேரவில்லை. மூன்றாவது மாதம் நடுவிரலும் மரத்தது. பழைய கணக்கு இன்னும் தீரவில்லை, உடம்புக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். முதுகெலும்பு டாக்டர் கூப்பிட்டபோது பிடி கொடுக்காமல் பேசினார். திரை நேராக்கியாச்சா என்று அவர் கேட்டதற்கு, ஆச்சு என்றார். அது பொய் என்று டாக்டரம்மாவுக்கே தெரியாது.

அந்த நாட்களில்தான் படக்காரர் அவருக்கு விரலாக ஆனார். இருவரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை. ஒருநாள் கம்பி முட்டி வளைவதைத் திரையில் பார்த்து, டாக்டரம்மா நிறுத்தவில்லையே என்று படக்காரர் ஒலிபெருக்கியில் “வளையுது” என்றார். டாக்டரம்மா நிறுத்தினார். அப்புறம் தினமும் அதுவே வழக்கமானது. “போகுது, போகுது, வளையுது” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். கஷ்டம் என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. நர்ஸுகள் அதைப் புது மிஷினின் முறை என்று நினைத்துக்கொண்டார்கள்.

உண்மை தெரிந்தது ஒரு மதிய நேரத்தில், கூட்ட அறையில், பிஸ்கட் தட்டுக்கு நடுவில். புது அறையின் கூரையில் பாடம் நடத்துவதற்காக ஒரு கேமரா வைத்திருந்தார்கள். டாக்டரின் யோசனைப்படி கட்டிய அறை என்று மற்ற ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் போட்டுக் காட்ட, கம்பெனிக்காரர் அந்தப் படத்தைக் கொண்டுவந்திருந்தார். விளக்கை அணைத்தார்கள். மேலிருந்து பார்த்த காட்சி: மேஜை நேர்க்கோடாக இருந்தது. மேஜையோரம் பலகை. பலகையில் டாக்டரம்மாவின் இரண்டு பாதங்களும் மேஜையைப் பார்த்து நின்றன. தோளும் மேஜையைப் பார்த்தது. தலை மட்டும் வலப்பக்கம், நோயாளியின் முழங்காலைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்தை யாரோ திருகிவிட்டு மறந்துபோன மாதிரி.

ஒரு மணி நேரம் அந்தத் தலை அசையவே இல்லை.

வந்தவர்கள் கைதட்டினார்கள். டாக்டரம்மாவும் தட்டினார். மகள் கல்யாணத்தில் போட்டோக்காரர் “அம்மா, தலையை நேரா வைங்க” என்று மூன்று தடவை சொன்னதும், நேராகத்தானே வைத்திருக்கிறேன் என்று தான் எரிந்து விழுந்ததும் அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. பிஸ்கட்டை எடுத்தார், அது விரலிலிருந்து நழுவி மடியில் விழுந்தது, அதைக் குனிந்து பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது.

கூட்டம் கலைந்ததும் கம்பெனிக்காரரிடம் போய், “நான் தப்பான இடத்தைக் காட்டிட்டேன். திரையை நேரா வைக்கணும்” என்றார்.

அவர் கணினியைத் திறந்து, அணைத்து, மறுபடி திறந்தார். “நான் அன்னிக்கே கேட்டேன் டாக்டர்” என்றார் மெதுவாக. குற்றம் சாட்டும் குரல் இல்லை, பாவம், அவரும் பயந்துபோயிருந்தார். “தண்டவாளத்தை மாத்த ஆறு வாரம் ரூமை மூடணும். இப்போதைக்கு அந்த தடுப்புக் கட்டையைக் கழட்டிடறேன். திரையோட இரும்புக் கையை முழுசா நீட்டினா ஓரளவு நேரா வரும்.”

மறுநாள் காலையே கழற்றினார். திரை, டாக்டரம்மாவின் மூக்குக்கு நேராக வந்து நின்றது. இந்தத் தடவை நாடாவைப் பிடித்து அளந்துதான் நிறுத்தினார்கள், யாரையும் கேட்கவில்லை.

அன்று பத்தரை மணிக்கு ஒரு கேஸ் வந்தது. பிரசவமாகி மூன்று மணி நேரமான பெண், ரத்தம் நிற்கவில்லை. மேல்மாடி டாக்டர்கள் தெரிந்ததெல்லாம் செய்துவிட்டுக் கீழே அனுப்பியிருந்தார்கள். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்தால் பெண் பிழைப்பாள்.

டாக்டரம்மா பலகையில் ஏறினார். நேரே திரை. பார்த்ததும் அறையே ஒரு பக்கம் சாய்ந்தது போலத் தலை சுற்றியது. சமாளித்துக்கொண்டு கம்பியைச் செலுத்தினார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

“டாக்டரம்மா, கால்” என்றது ஒலிபெருக்கி.

குனிந்து பார்த்தார். பாதம் இரண்டும் இடப்பக்கம் திரும்பியிருந்தன. அவருக்குத் தெரியாமலே உடம்பு முழுக்க இடப்பக்கம் திரும்பி, திரையைத் தனக்கு வலப்பக்கமாக ஆக்கிக்கொண்டிருந்தது. இடுப்பு முறுகி, கை மேஜைக்குக் குறுக்கே நீண்டிருந்தது. பெடல் காலை விட்டுப் போயிருந்தது. நேராக நின்றார். மறுபடி கம்பி. மறுபடி “கால்.” மூன்றாவது தடவையும் அதே. மானிட்டரில் அந்தப் பெண்ணின் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா இடது கையை நீட்டி, திரையைப் பிடித்து வலப்பக்கம் தள்ளினார். பழைய இடத்துக்கே போனது. தலை சுற்றல் நின்றது. அறை மறுபடி நேரானது.

“போகுது” என்றார் படக்காரர். “போகுது. போகுது. வளையுது, நிறுத்துங்க. நிறுத்துங்க டாக்டரம்மா.”

நிறுத்தினார். ஆனால் அதற்குள் கம்பி இரண்டு விரற்கடை அதிகமாகப் போயிருந்தது. அந்த இடத்தில் குழாயின் சுவர் ஒரு வெங்காயத் தோல்தான். கிழியவில்லை. அவர் திறமையால் கிழியாமல் இருக்கவில்லை, அதிர்ஷ்டத்தால் கிழியாமல் இருந்தது. மூச்சு விட்டு, கம்பியைப் பின்னுக்கு இழுத்து, சரியான கிளைக்குள் நுழைந்து அடைத்தார். ரத்தம் நின்றது. அழுத்தம் ஏறியது. மொத்தம் நாற்பது நிமிடம்.

வெளியே அந்தப் பெண்ணின் கணவர் நின்றிருந்தார். ரத்தம் நின்றுவிட்டது என்று சொன்னதும் அவர் டாக்டரம்மாவின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணீர் விரல்மேல் வழிவதை டாக்டரம்மா பார்த்தார். பார்க்கத்தான் முடிந்தது. ஈரமோ சூடோ, அழுத்திப் பிடித்த பிடியோ எதுவும் அவருக்கு எட்டவில்லை. “குழந்தையைப் போய்ப் பாருங்க தம்பி” என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

திரும்ப அறைக்குள் வந்து படக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னிக்கு நீங்க கொஞ்சம் லேட்டா சொன்னீங்களா, நான் லேட்டா நிறுத்தினேனா?”

படக்காரர் யோசித்தார். “நான் சரியான நேரத்துக்குத்தான் சொன்னேன்.”

“ம்.”

“யாருக்கும் ஒண்ணும் ஆகல டாக்டரம்மா.”

“ஆகிருந்தா?”

டாக்டரம்மா முதுகெலும்பு டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எப்போது கத்தி வைக்கலாம் என்று கேட்டார். அடுத்த வியாழன் என்று பதில் வந்தது. வேலையை விடுவதாக ஆஸ்பத்திரி மேலாளருக்கு நாலு வரி எழுதினார், இடது கையால், கோணல் மாணலாக. மாலை வீட்டுக்காரர் கூட்டிப் போக வந்தபோது விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்காரர் கிளப்பிய வண்டியை மறுபடி அணைத்தார்.

“அழணும்னா அழு” என்றார்.

“வரலைங்க” என்றார் டாக்டரம்மா. “வந்தா சொல்றேன்.”

புதன்கிழமை, அவருடைய கடைசி நாள். கம்பெனிக்காரர் மஞ்சள் நாடாவோடு வந்தார். தண்டவாளத்தை மாற்ற ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டுவிட்டது, அறையை ஆறு வாரம் மூடப்போகிறார்கள், புது டாக்டர் ஒருவர் சேரப்போகிறார். ஏப்ரனை எடுத்துக் கொடுத்து, “இந்த தடவ சரியா பாத்துக்கலாம் டாக்டர். ஒரே ஒரு நிமிஷம் நின்னு காட்டறீங்களா?” என்றார்.

டாக்டரம்மா ஏப்ரனை வாங்கவில்லை.

“என்னைக் கேக்காதீங்க.”

“பின்ன யாரைக் கேக்கறது?”

“வர்ற டாக்டரைக் கேளுங்க. ஆனா வந்த முதல் நாளே கேட்டுடுங்க” என்றார். “ஒரு மாசம் கழிச்சுக் கேட்டா, அவங்களும் பொய்தான் சொல்லுவாங்க. பொய்னு அவங்களுக்கே தெரியாது.”